ஆமாஞ்சாமியின் விருப்பம்

டீ வண்டியின் முன்சக்கரம் ஒன்று மூன்று மாதமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆண்கள் வார்டுக்குத் திரும்பும் இடத்தில் அது தன் இஷ்டத்துக்குச் சுவர்ப் பக்கம் இழுக்கும். டீக்காரம்மா இடுப்பால் ஒரு இடி கொடுத்து நேராக்கி, கம்பிக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, பூட்டைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுப்பாள். அந்த மனநல மருத்துவமனையின் ஆறு வார்டுகளுக்கும் காலை ஆறரைக்கும் மாலை மூன்றரைக்கும் டீ ஊற்றுவது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறாள். சம்பளம் கொடுப்பவர் ஒப்பந்தக்காரர் ஒருவர்தான், அதட்டுகிறவர்களுக்குத்தான் கணக்கில்லை.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து சிலர் ஆய்வுக்கு வந்தார்கள். நோயாளிகளுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, எதையும் அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்று நாற்பது பக்கம் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அந்த நாற்பது பக்கத்தில் உடனே நடந்தது ஒன்றே ஒன்று. ஒரு கேன் இருந்த டீ வண்டியில் இன்னொரு கேன் ஏறியது. இனிமேல் ஒவ்வொருவரையும் டீயா காப்பியா என்று கேட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார்.

கேட்பது லேசாக இருந்தது, பதில்தான் லேசில் வரவில்லை. வருடக்கணக்கில் கொடுத்ததை வாங்கிக் குடித்தே பழகிய மனிதர்கள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு விழித்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று போன ஒருவர் மத்தியானம்வரை யோசித்தார். இன்னொருவர் இரண்டையும் கலந்து கேட்டார். பட்டென்று பதில் சொன்ன ஒரே ஆள் ஆமாஞ்சாமிதான்.

அவனுக்கு நாற்பது வயது இருக்கும். மூட்டை தூக்கிய தோள், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, மாத்திரையால் நடுங்கும் கை. எதைச் சொன்னாலும் ஆமாம் என்று சிரிப்பான், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வார்டில் அவனால் ஒரு தொந்தரவும் கிடையாது. போர்வை மடிப்பான், வயதானவர்களைக் கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போவான், டீ வண்டி கதவுப்படியில் சிக்கினால் ஒரு பக்கம் தூக்கிவிடுவான். பதினொரு வருடமாக அங்கே இருந்தான்.

"டீயா, காப்பியா?" என்று அவள் கேட்டதும் "காப்பி" என்றான். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. ஆனால் வாங்கிய காப்பியில் இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைக் கழுவுகிற தொட்டியில் ஊற்றினான். கொட்டுவதற்காகவா கேட்டு வாங்குகிறாய் என்று ஒருநாள் அவள் சத்தம் போட்டாள். அதற்கும் ஆமாம் என்றான். இவனிடம் பேசி என்ன பிரயோசனம் என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் வாரம், சக்கரத்தின் தொல்லை தாங்காமல், பாரம் மறுபக்கம் சாயட்டும் என்று இரண்டு கேன்களையும் இடம் மாற்றி வைத்தாள். கை எந்தக் கேனை முதலில் தொடுகிறதோ அதைத்தானே வாயும் முதலில் சொல்லும். "காப்பியா, டீயா?" என்றாள். "டீ" என்றான் ஆமாஞ்சாமி. அன்றைக்கு டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. மறுநாள் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தாள். கடைசியில் அவள் எதைச் சொல்கிறாளோ அதுதான் அவன் பதில். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை ஆண் நர்ஸிடம் சொன்னாள். அவர் அதை வார்டு முழுக்க விளையாட்டாக்கிவிட்டார். ராஜாவா கழுதையா என்றால் கழுதை. கல்யாணமா ஜெயிலா என்றால் ஜெயில். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், எல்லோரையும்விடச் சத்தமாக டீக்காரம்மா சிரித்தாள். இத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் ஆமாஞ்சாமிக்கும் சந்தோஷம், அவனும் சேர்ந்துகொண்டான்.

"மாத்திரையா, ஊசியா?" என்றார் ஆண் நர்ஸ்.

"ஊசி" என்றான். சொன்ன கையோடு சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, அவர் பக்கம் திரும்பி நின்றான். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. கண்ணை மட்டும் இறுக மூடியிருந்தான்.

ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குகிறவன் அவன் என்பது வார்டுக்கே தெரியும். டீக்காரம்மா வண்டியை விட்டுவிட்டு அவனிடம் போனாள். தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டு, யாரும் ஊசி போட மாட்டார்கள், போய் உட்கார் என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பெண்கள் வார்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு இன்னொரு கேள்வி ஞாபகம் வந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

வருடத்துக்கு ஒரு தடவை பெரிய டாக்டர் அறையில் கூட்டம் நடக்கும். யார் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஐந்தாறு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கேயும் டீ ஊற்றுவது அவள்தான். பெரிய டாக்டர் நல்ல மனிதர், எந்த நோயாளியையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். ஆமாஞ்சாமியை உட்காரச் சொல்லி, "வீட்டுக்குப் போறீங்களா, இல்ல இங்கேயே இருக்கீங்களா?" என்று பதமாகக் கேட்பார். "இங்கேயே இருக்கேன்" என்பான். விருப்பமில்லை என்று எழுதிக்கொள்வார்கள். ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு தடவையும் அவள் கையில் கெட்டிலோடு பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

வெளியே பெஞ்சில் அவனுடைய அக்கா காத்திருப்பாள். தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு அவனை வளர்த்தவள், சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பவள். அவன் துணிமணியை எடுத்துப்போக மடியில் ஒரு காலிப் பை வைத்திருப்பாள். விருப்பமில்லாதவரை அனுப்ப விதியில்லை அம்மா என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதைக் கேட்டுவிட்டு அவள் அழவில்லை. அவனுக்கே நான் வேண்டாம் என்றால் நான் எதற்கு வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

டீக்காரம்மா முதலில் தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னாள். டாக்டர்கள் பார்த்துக் கண்டுபிடிக்காததை டீ கேன் கண்டுபிடித்துவிட்டதா என்று அவர் கேட்டார். உன் வேலை என்னவோ அதைப் பார் என்றும் சொன்னார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருந்த மனநல ஆலோசகர் சின்னப் பெண், டீ வாங்கும்போது நன்றி சொல்கிறவள். அவளிடம் போய்க் கேன்களை இடம் மாற்றிய கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னாள்.

மூன்று காலைகள் அவனை உட்காரவைத்துச் சோதித்தாள். மரக்கட்டை அடுக்கச் சொன்னாள், கடிகாரம் பார்க்கச் சொன்னாள், கடைக்குப் போய்ச் சில்லறை வாங்குவதைப்போல நடிக்கச் சொன்னாள். பதினொரு வருடமாகக் காலையில் பேப்பரை விரித்துவைத்து உட்காருகிறவனுக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. கடிகாரமும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுவான், உட்கார்ந்தால் உட்காருவான். இது நேற்று வந்ததில்லை, பிறவியிலேயே உள்ளது, புத்தி வளர்ச்சி கொஞ்சம் கம்மி என்று எழுதினாள்.

"ரொம்பக் கம்மியா இருந்திருந்தா சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்கும்மா" என்று டீக்காரம்மாவிடம் சொன்னாள். "இவருக்குக் கொஞ்சம்தான் கம்மி. நல்லாப் பேசுவாரு, சிரிப்பாரு, சொன்ன வேலையைச் செய்வாரு. புரியலேன்னு காட்டிக்கிட்டா திட்டு விழும்னு சின்ன வயசுலயே கத்துக்கிட்டாரு. அதை மறைக்கிறதுல அவரு கெட்டிக்காரரு. நாங்க ஏமாந்துட்டோம்."

கோப்பில் இருந்ததையும் சொன்னாள். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஒருநாள் நான்கு பெட்டி காணாமல் போயிற்று. நீதானே எடுத்தாய் என்று மேலாளர் கேட்டிருக்கிறார், ஆமாம் என்றிருக்கிறான். எங்கே வைத்தாய் என்றால் சொல்லத் தெரியவில்லை. காதில் யாராவது எடுக்கச் சொல்லிப் பேசினார்களா என்று போலீஸில் கேட்டிருக்கிறார்கள், அதற்கும் ஆமாம். அங்கிருந்து இங்கே வந்தபோது டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம். அவனே ஒப்புக்கொண்டான் என்று எழுதி மாத்திரையை ஆரம்பித்தார்கள். இல்லாத நோய்க்குப் பதினொரு வருடம் மாத்திரை தின்று, இருந்த கைக்கு நடுக்கம் வந்ததுதான் மிச்சம்.

அந்த வருடக் கூட்டத்தில் பெரிய டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கமான பதில் வந்தது. பிறகு ஆலோசகர் பெண் சொன்னதன் பேரில் அதையே திருப்பிப்போட்டு, "இங்கேயே இருக்கீங்களா, வீட்டுக்குப் போறீங்களா?" என்றார். "வீட்டுக்குப் போறேன்" என்றான். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. டீக்காரம்மா ஊற்றுவதை நிறுத்தினாள்.

ஆலோசகர் பெண் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"காலைல கண் முழிச்சதும் யாரைப் பாக்கணும்னு தோணும்?"

பிடித்துக்கொள்ள அந்தக் கேள்வியில் இரண்டாவது வார்த்தை எதுவும் இல்லை. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எந்த முகத்திலும் பதில் கிடைக்கவில்லை. கடைசியில் அவனாகவே சொன்னான்.

"அக்காவை."

"அக்கா ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?"

"கோவம். நான் தப்பா சொல்லிட்டேன்."

"என்ன தப்பா சொன்னீங்க?"

"தெரியல" என்றான். "ஒவ்வொரு வருஷமும் சரியாத்தான் சொல்லிப் பாக்கிறேன். தப்பாப் போயிடுது."

டீக்காரம்மா கெட்டிலை வைத்துவிட்டு வெளியே வந்து, அக்கா உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கோப்பில் அன்றைக்கு ஒரு வரியை மாற்றி எழுதினார்கள். விருப்பம் என்ற இடத்தில் வீடு. செல்லுமிடம் என்ற இடத்தை, உறவினர் வந்த பிறகு நிரப்பலாம் என்று விட்டுவைத்தார்கள்.

டீக்காரம்மா தன்னுடைய லீவு நாளில் தையல் கம்பெனி வாசலில் போய் நின்றாள். சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் கும்பலாக வந்தார்கள். அக்காவின் தலையில் வெள்ளை நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன, முதலில் அது நரை என்றே டீக்காரம்மா நினைத்தாள். தம்பி பேச்சை எடுத்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளையாக வளர்த்தும் பத்துப் பேர் முன்னால் வேண்டாம் என்று சொன்னவனைப் பற்றி எனக்கு ஒன்றும் கேட்க வேண்டாம் என்றாள். டீக்காரம்மா விடவில்லை. கேன்களைச் சொன்னாள், கழுதையைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள். தான் சிரித்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

அக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டை எடுக்கக் கடைக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்றாள். "நீலமா வெள்ளையான்னு கேப்பேன். வெள்ளைம்பான். அவனுக்கு வெள்ளைதான் பிடிக்கும்னு வருஷா வருஷம் வெள்ளையே எடுத்துக் கொடுத்தேன். கூடவே இருந்த எனக்கே தெரியலையே."

மிச்சத்தையும் சொன்னாள். ஒன்பது வருடம் அவனுக்காக ஒரு வாடகை அறையை விடாமல் வைத்திருந்தாளாம். இன்றைக்கு வருவான் நாளைக்கு வருவான் என்று ஒரு பாயும் தலையணையும் சுவரோரம் சுருட்டியே இருந்ததாம். அந்தக் கடைசிக் கூட்டத்திலிருந்து திரும்பிய வாரம், வீம்புக்கு அறையைக் காலி செய்து, பாயை யாருக்கோ கொடுத்துவிட்டு, கம்பெனியின் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கே ஆண் வாடையே கூடாது. பார்க்க வரும் அப்பன் அண்ணன்கூடக் கேட்டுக்கு வெளியில்தான்.

அடுத்த வாரம் தம்பியைப் பார்க்க வந்தாள். கம்பிக் கதவைத் திறந்ததும் அவன் அருகில் வரவில்லை. கோபம் போயிற்றா என்று தூரத்திலிருந்தே கேட்டான். போயிற்று என்று அவள் சொன்ன பிறகுதான் வந்தான். அவள் அவன் கையைப் பிடித்ததும் அந்த நடுக்கம் அவள் கைக்கும் வந்தது.

அறை தேடுவதற்கு டீக்காரம்மாவும் கூடப் போனாள். நோயாளி போகும் வீட்டை மருத்துவமனை ஆள் நேரில் வந்து பார்த்தால்தான் அனுப்புவார்கள், விதி அப்படி. முதல் வீடு நல்ல வீடு, தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருந்தது. வீட்டுக்காரர் சாவியைக்கூடக் கொடுத்துவிட்டார். மருத்துவமனை ஜீப் வந்து வாசலில் நின்றது. அதன் இரண்டு பக்கமும் மருத்துவமனையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பிக் கேட்டார். அவன் பைத்தியம் இல்லை என்றுதான் இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கா காகிதத்தைக் காட்டினாள். பைத்தியம் இல்லாதவனைப் பதினொரு வருடம் எதற்கு வைத்திருந்தார்கள் என்று அவர் கேட்டார். அக்கா காகிதத்தை மடித்துவைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

இரண்டாவது வீட்டில் பக்கத்துக் குடித்தனத்தார் கூடி நின்றார்கள், பெண் பிள்ளைகள் இருக்கிற இடம் என்றார்கள். மூன்றாவது வீட்டுக்கு ஜீப்பைத் தெருவுக்கு வெளியே நிறுத்தும்படி அக்கா கெஞ்சினாள். நிறுத்தினார்கள். ஆனால் ஜீப்பில் வந்தவரின் கழுத்தில் தொங்கிய அட்டையை வீட்டுக்காரம்மா படித்துவிட்டாள். அதற்குள் அக்கா கம்பெனியில் ஏழு நாள் சொல்லாமல் லீவு எடுத்திருந்தாள். எட்டாம் நாள் அவள் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலை போனால் விடுதிக் கட்டிலும் போய்விடும் என்பது சொல்லாமலே தெரிந்ததுதான்.

டீக்காரம்மா அவளைத் தன் வீட்டுச் சமையல்கட்டில் படுக்கவைத்தாள். இன்னொரு ஆளுக்கு அங்கே கால் நீட்ட இடமில்லை. இனி என்ன என்று இரண்டு பேரும் யோசித்ததில் கிடைத்தது ஒரே ஒரு வழி. மருத்துவமனையில் தரை துடைக்க ஒப்பந்தக்காரர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். நோயாளிகளின் உறவுக்காரர்களைச் சேர்ப்பதில்லை என்பது அவருடைய நிபந்தனை, தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். என் நாத்தனார் என்று டீக்காரம்மா கூசாமல் பொய் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வார்டில் இருக்கும் நர்ஸுகள் அக்காவைப் பார்த்தவர்கள்தான். டீக்காரம்மா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். தலைமை நர்ஸ் காதில் விழாததுபோலத் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினார்.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் அக்கா பார்வையாளராகக் கடைசித் தடவை வந்தாள். அவனை மரத்தடியில் உட்காரவைத்து, நாளையிலிருந்து தினமும் வருவேன் என்றாள். ஆனால் அக்கா என்று கூப்பிடக் கூடாது, துடைக்க வருகிறவர்களை எல்லோரும் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்றாள். தப்பாகச் சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னாள்.  அவன் ஆமாம் என்றான். அவளுக்கு இப்போது அந்த ஆமாமை நம்பப் பயமாக இருந்தது. பத்துத் தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னாள்.

மறுநாள் காலை டீக்காரம்மா வார்டுக்குள் வண்டியோடு நின்றபோது அக்கா பச்சை நிறச் சீருடையில் வாளியும் துடைப்பானுமாக வந்தாள். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், புது ஆள் எப்படித் துடைக்கிறாள் என்று பார்க்கக் கதவருகே நின்றிருந்தார். அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆமாஞ்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான். அவனுடைய கட்டிலுக்கு அவள் வந்ததும், துடைக்க வசதியாக இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான்.

"ஆயா" என்றான்.

தெளிவாக, வார்டுக்கே கேட்கும்படி சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். இந்தத் தடவை சரியாகிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது, முகமெல்லாம் மலர்ந்து கிடந்தது. அக்கா குனிந்தபடியே துடைப்பானைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அந்த மூலையில ஈரம் நிக்குது பாரு, நல்லா இழு" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் மண்டியிட்டுத் துணியால் அந்த ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்க அது காயவில்லை.